விலாங்கடி, துண்டு இருபத்திமூன்று

பதினொரு ஏக்கர், இரண்டு ரூட், நான்கு பேர்ச்சஸ்.
உறுதியில் எல்லைகள்:
வடக்கே வாய்க்கால், கிழக்கே உதுமாலெப்பை காணி,
தெற்கே வண்டிப்பாதை,
மேற்கே தண்ணீர் நிற்கும் இடம்.
ஐம்பத்தாறில் எழுதிய நொத்தாரிசுக்கு
அதற்கு மேல் சொல் அகப்படவில்லை போலும்.

சம்மாந்துறையிலிருந்து போனால்
முதலில் பாலையடிக் கண்டம்,
பிறகு களவெட்டி மேடு.
சூடு மிதித்து மிதித்து, மண்வெட்டி தெறிக்கும் இறுக்கம்.
கடைசியில் விலாங்குப்பள்ளம்.
மார்கழியில் அங்கே பயிரின் நுனி மட்டும் தெரியும்.
"அது வயல் இல்ல போடியார்,
குளம் கடனாத் தந்த தரை" என்பார்
முல்லைக்காரர் காசிம்பாவா.
வாப்பா சிரிப்பார். குத்தகை வாங்கும்போது
பள்ளத்துக்கு மட்டும் பாதி பிடிப்பார்.

தொண்ணூறிலிருந்து நாலு போகம் யாரும் இறங்கவில்லை.
முதலில் இறங்கிப் பார்க்கப் போன காசிம்பாவா திரும்பவில்லை.
கோரை ஆளுயரம்.

பிறகு கடல் வந்தது.
சாய்ந்தமருதிலிருந்து, கல்முனையிலிருந்து,
கூடாரத்தில் பிள்ளை பெற்றவர்கள் வந்தார்கள்.
கடல் தெரியாத இடம் வேண்டும்,
சத்தமும் கேட்கக் கூடாது.
வாப்பாவுக்கு நாலு பெண்.
எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு இல்லாமல்
நிக்காஹ் பேச்சு படலைக்குள் வராது.

நில அளவையாளர் நல்லரெத்தினம்
மூன்று கால் கருவியைக் களவெட்டியில் நட்டார்.
நூற்றிநான்கு துண்டு, மூன்று வீதி,
சட்டப்படி பத்தில் ஒன்று திறந்த வெளி.
மேட்டில் அத்திவாரம் வெட்டக் கூலி கூடும் என்று
அதன்மேல் எழுதினார்: சிறுவர் பூங்கா.
இரண்டாயிரத்து நானூறு லோட் கிரவல் பறித்தோம்.
பள்ளம் நாலடி கேட்டது.
ஓரடி கொடுத்தோம்.

கொப்பி எழுதியது நான்.
ஏ.எல். கணக்கில் ஏ எடுத்தவள்.
மேட்டுப் பக்கத் துண்டு இரண்டு லட்சத்து நாற்பது,
பள்ளத்துத் துண்டும் அதே.
விலையில் நாங்கள் பாதி பிடிக்கவில்லை.

இருபத்திமூன்றுக்கு ஜெஸீமா ராத்தா வந்தா.
இரண்டு பிள்ளைகளை அலை கொண்டுபோனது.
காசை எண்ணாமல் பையோடு மேசையில் வைத்தா.
ஒரே கேள்வி:
"இஞ்ச தண்ணி வருமா தங்கச்சி?"
"கடல் நாலு மைல், ராத்தா" என்றேன்.
பொய் இல்லை. யாரும் அளந்து பார்க்கலாம்.

இரண்டாயிரத்துப் பதினொன்று, சனவரி.
மேற்கு எல்லை கிழக்கே நகர்ந்தது,
முதலில் மூன்றாம் வீதி வரை,
சுபஹுக்கு முன் முதலாம் வீதி வரை.
எழுபது குடும்பம் சிறுவர் பூங்காவில்.
சறுக்குப் பலகையின் கீழே அடுப்பு மூட்டியிருந்தார்கள்.
ஊஞ்சல் கம்பியில், எட்டாத உயரத்தில்,
துணி சுற்றிய குர்ஆன்கள்.

டிரக்டரில் சோற்றுப் பார்சல் கொண்டுபோனேன்.
முகம் பார்க்காமல் நீட்டிக்கொண்டே வந்தேன்.
"குசினிக்குள்ள விலாங்கு ஒன்டு, தங்கச்சி,
கை மொத்தம்" என்றது ஒரு குரல்,
அதிசயம் காட்டும் பிள்ளையைப் போல.
நிமிர்ந்தேன்.
உறுதியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு
நெஞ்சோடு அணைத்திருந்தா.
பிறகு குனிந்து, தண்ணீரில் விரல் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தா.
"உப்பு இல்ல" என்றா.
அவ்வளவுதான். பார்சலை வாங்கிக்கொண்டா.

அதற்குப் பிறகு மூன்று முறை
வீட்டுத் தரையை உயர்த்தியாயிற்று.
கூரையை உயர்த்தக் காசு இல்லை.
ஆகவே இப்போது நிலையில் தலை இடிக்கும்.

போன மாதம் போனேன்.
குனிந்துதான் நுழைந்தேன்.
வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பவேண்டுமாம்,
கணக்குப் படித்தவள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தா.
தேத்தண்ணி ஆறும்வரை
உறுதியைச் சத்தமாக வாசித்தேன்:
வடக்கே துண்டு இருபத்திரண்டு,
கிழக்கே மூன்றாம் வீதி,
தெற்கே துண்டு இருபத்தாறு,
மேற்கே
துண்டு இருபத்திநான்கு.